மனோரமா (நடிகை)

மனோரமா (மே 26, 1937 – அக்டோபர் 10, 2015) தமிழ்நாட்டைச் சேர்ந்த நாடக, திரைப்பட, தொலைக்காட்சி நடிகையும் பின்னணிப் பாடகியும் ஆவார். இவரது இயற்பெயர் கோபிசாந்தா. "ஆச்சி" எனப் பரவலாக அழைக்கப்பட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடித்த இவர், தமிழ்த் திரைப்படத்தில் நகைச்சுவைப் பாத்திரங்களின் வழியாகப் பெண் ஒருவர் தனித்து நிலைபெற முடியும் என்பதற்கு முதன்மையான எடுத்துக்காட்டாகக் கருதத்தக்கவர்.

பிறப்பும் இளமையும்

மனோரமா அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் மன்னார்குடியில் (இன்று திருவாரூர் மாவட்டம்) காசி கிளாக்குடையார், இராமாமிர்தம் ஆகியோருக்கு மகளாகப் பிறந்தார். தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்ததால், தாயார் குழந்தையுடன் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூருக்குக் குடிபெயர்ந்து, வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். வறுமை காரணமாக மனோரமாவின் பள்ளிப் படிப்பு இடையிலேயே நின்றது. செட்டிநாட்டுப் பகுதியில் மதிப்பிற்குரிய பெண்களை அழைக்கப் பயன்படும் "ஆச்சி" என்ற சொல் இவருக்கு அடைமொழியானது, இங்கு வளர்ந்ததன் விளைவே.

நாடக வாழ்க்கை

பன்னிரண்டு வயதளவில் இவர் நாடக மேடை ஏறினார். "மனோரமா" என்னும் பெயர் மேடையில் கிடைத்ததாகும். இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக் கலைஞர் தியாகராஜனும் இப்பெயரைச் சூட்டினர். பின்னர் எஸ். எஸ். இராசேந்திரனின் நாடகக் குழுவில் சேர்ந்து, மு. கருணாநிதி எழுதிய மணிமகுடம் உள்ளிட்ட நாடகங்களில் நடித்தார்.

பின்னாளில் முதலமைச்சர்களான ஐவருடன் நடித்தவர் என்ற சிறப்பு இவருக்கு உண்டு. சி. என். அண்ணாதுரை, மு. கருணாநிதி ஆகியோருடன் மேடையிலும், எம். ஜி. இராமச்சந்திரன், ஜெ. ஜெயலலிதா, என். டி. ராமராவ் ஆகியோருடன் திரைப்படங்களிலும் நடித்துள்ளார்.

திரைப்பட வாழ்க்கை

கவிஞர் கண்ணதாசன் தயாரித்த மாலையிட்ட மங்கை (1958) இவரது முதல் திரைப்படம். நாடகங்களில் கதாநாயகியாக நடித்து வந்த இவருக்கு, இப்படத்தில் நகைச்சுவைப் பாத்திரமே அளிக்கப்பட்டது. 1963 இல் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் கொஞ்சும் குமரி படத்தில் ஆர். எஸ். மனோகருடன் கதாநாயகியாக நடித்தார். எனினும் நகைச்சுவையும் குணச்சித்திரமுமே இவரது களமாக அமைந்தன.

இவருக்கு முந்தைய நகைச்சுவை நடிகைகள் பெரும்பாலும் ஒரு நடிகரின் இணையாகவே அறியப்பட்டனர். என். எஸ். கிருஷ்ணன் – டி. ஏ. மதுரம், கே. ஏ. தங்கவேலு – எம். சரோஜா ஆகிய இணைகள் வாழ்விலும் கணவன் மனைவியராக இருந்தனர். மனோரமாவுக்கு அவ்வாறு நிலையான இணை எவரும் இல்லை. நாகேஷ், சோ ராமசாமி, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் எனப் பலருடன் நடித்தார். உடன் நடித்தவர்களின் காலம் முடிந்த பின்னரும் இவருக்கு வாய்ப்புகள் தொடர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

நடிப்புச் சிறப்பு

வட்டார வழக்குகளைப் பேசி நடிப்பது இவரது தனித்திறன். அனுபவி ராஜா அனுபவி (1967) படத்தில் தூத்துக்குடி வழக்கிலும், பொம்மலாட்டம் (1968) படத்தில் சென்னைத் தமிழிலும், சின்ன கவுண்டர் (1992) படத்தில் கொங்குத் தமிழிலும் பேசி நடித்தார். பொம்மலாட்டம் படத்தில் வி. குமார் இசையில் இவர் சென்னைத் தமிழில் பாடிய பாடல் பெரும் புகழ் பெற்றது.

கொத்தமங்கலம் சுப்புவின் புதினத்தைத் தழுவி ஏ. பி. நாகராஜன் இயக்கிய தில்லானா மோகனாம்பாள் (1968) படத்தில் ஏற்ற "ஜில் ஜில் ரமாமணி" பாத்திரம், இவரது நடிப்பில் மிகவும் பேசப்படுவதாகும். நாடகக் கொட்டகையில் ஆடிப்பாடிப் பிழைக்கும் அப்பெண், பார்ப்போரைச் சிரிக்க வைக்கும்போதே அவளது ஏக்கத்தையும் உணர்த்துகிறாள். மேடையில் வளர்ந்த மனோரமாவுக்கு அவ்வுலகம் நன்கு அறிமுகமானதே. சம்சாரம் அது மின்சாரம் (1986) படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாகத் தோன்றி, கிஷ்முவுடன் நடத்தும் வாக்குவாதக் காட்சியும் குறிப்பிடத்தக்கது.

தமிழ் தவிர தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி ஆகிய மொழிப் படங்களிலும் இவர் நடித்துள்ளார்.

தொலைக்காட்சி

1990களில் தனியார் தொலைக்காட்சிகள் பெருகிய பின்னர், இவர் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். அதே காலத்தில் இவரது பழைய படங்களின் நகைச்சுவைக் காட்சிகள் தனியே தொகுத்து ஒளிபரப்பப்பட்டன. அப்படங்களைத் திரையரங்கில் கண்டிராத தலைமுறையினருக்கும் இவர் அறிமுகமானது இவ்வாறே.

விருதுகளும் சிறப்புகளும்

* கலைமாமணி விருது – தமிழ்நாடு அரசு
* சிறந்த துணை நடிகைக்கான தேசியத் திரைப்பட விருது – புதிய பாதை (1989)
* பத்மசிறீ விருது (2002) – இந்திய அரசு
* ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களில் நடித்தமைக்காக 1980களில் கின்னஸ் நூலில் இடம்

நடித்த திரைப்படங்களில் சில

* மாலையிட்ட மங்கை (1958)
* கொஞ்சும் குமரி (1963)
* அன்பே வா (1966)
* அனுபவி ராஜா அனுபவி (1967)
* தில்லானா மோகனாம்பாள் (1968)
* பொம்மலாட்டம் (1968)
* சம்சாரம் அது மின்சாரம் (1986)
* அபூர்வ சகோதரர்கள் (1989)
* புதிய பாதை (1989)
* நடிகன் (1990)
* சின்ன கவுண்டர் (1992)
* அருந்ததி (2009, தெலுங்கு)

மறைவு

மனோரமா 2015 அக்டோபர் 10 அன்று தமது 78 ஆம் அகவையில் சென்னையில் காலமானார்.