நொடிக்கு ஒரு கேள்வி

ராத்திரி எல்லாரும் தூங்கியாச்சு. யாரும் படம் பார்க்கல, எதையும் டவுன்லோட் பண்ணல. ஆனாலும் ரூட்டரின் பச்சை விளக்கு விடாமல் சிமிட்டுகிறது. அது யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது?

2003 மே மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்க வேண்டிவந்தது. நம்மோடு பேசுவது யார்? அங்கே பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு நேர சர்வர் இருந்தது. கணினிகள் “மணி என்ன?” என்று கேட்கும், அது சொல்லும். அவ்வளவுதான் வேலை. திடீரென்று கேள்விகள் வெள்ளமாய்க் கொட்டின. வலைப்பின்னலைக் கவனித்துவந்த டேவ் பிளாங்காவுக்கு முதலில் வந்த சந்தேகம், இது தாக்குதல் என்பதுதான். ஆனால் விசித்திரமான ஓர் அடையாளம் சிக்கியது: கேள்விகள் எல்லாம் 23457 என்ற ஒரே போர்ட்டிலிருந்து கிளம்பின. அதை வைத்து வாசலிலேயே தடுத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வெள்ளம் வடியவில்லை, பெருகியிருந்தது. நொடிக்கு சுமார் 2,50,000 பாக்கெட்டுகள். 150 மெகாபிட்.

கேள்விகள் வரும் இடங்களுக்கே எழுதிக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அனுப்பியவை நெட்கியர் நிறுவனத்தின் மலிவான வீட்டு ரூட்டர்கள். அந்தப் பல்கலைக்கழக சர்வரின் முகவரியை மென்பொருளுக்குள்ளேயே நிரந்தரமாக எழுதிவைத்திருந்தார்கள். கூடவே ஒரு விதி: பதில் வரவில்லையா, அடுத்த நொடி மறுபடி கேள். அதாவது, தடுத்ததால்தான் பெருகியது! மௌனம்தான் அதற்குத் தீனி.

இப்படிப்பட்ட ரூட்டர்கள் சுமார் 7 லட்சம். ஒவ்வொன்றும் அனுப்பியது நொடிக்கு வெறும் 76 பைட். எந்த வீட்டிலும் யாருக்கும் தெரிந்திருக்காது. சிறு துளி பெருவெள்ளம் என்பதை நாம் எப்போதும் நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறோம், இல்லையா?

நிறுவனம் திருத்திய மென்பொருளை வெளியிட்டது, பல்கலைக்கழகத்துக்கு 3,75,000 டாலரும் கொடுத்தது. ஆனால் விற்றுப்போன பெட்டியை யார் தேடிப்போய்த் திருத்துவது? ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டரை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்து அப்டேட் செய்திருக்கிறோம்? சர்வரை மூடிவிட்டாலும் கேள்விகள் அந்த முகவரிக்கு வந்துகொண்டேதான் இருக்கும். பதில் சொல்லிவிடுவதே மலிவு.

இந்தக் கதையில் திருடன் இல்லை, ஹேக்கர் இல்லை. யாரோ ஒரு புரோகிராமர், தனக்குச் சொந்தமில்லாத ஒரு முகவரியை எழுதிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்குப் பின் லட்சக்கணக்கான வீடுகளில் பச்சை விளக்குகள் ராத்திரி முழுக்கச் சிமிட்டிக்கொண்டே இருந்தன, மணி என்ன என்று கேட்டபடி.