ரோடனீஸும் மரவள்ளிக்கிழங்கும்

ரோடனீஸ் என்பது கல்லீரல் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் மிகுந்திருக்கும் நொதி. 1933இல் ஜெர்மனியின் கொன்ராட் லாங் இதைக் கண்டறிந்தார். தயோசல்ஃபேட்டிலுள்ள கந்தகத்தைச் சயனைடுக்குக் கொடுப்பது இதன் வேலை. அப்போது உண்டாகும் தயோசயனேட், நஞ்சு பெரிதும் தணிந்து, சிறுநீரில் போய்விடும். சயனைடு முடக்கும் சுவாச நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் இருக்கிறது. கந்தகமோ உணவுப் புரதத்திலிருந்து வந்தாக வேண்டும். கல்லீரல் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தைக் கொண்டு சிஸ்டீனை ஆக்குகிறது. சிஸ்டீனிலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனேற்றி, தயோசல்ஃபேட்டாகவும் முடிவில் சல்ஃபேட்டாகவும் மாற்றுகிறது. நொதி எவ்வளவு இருந்தாலும், புரதம் குறைந்தால் அதன் கை கட்டப்பட்டுவிடும்.

இந்த வேதியியல் தென்னிந்திய மருத்துவத்துக்குள் வந்த வழி மரவள்ளிக்கிழங்கு. கம்பம் பள்ளத்தாக்குக்கு 1895இல் பெரியாற்று நீர் வந்தபின் நெல் செழித்தது. அங்கே சோறுதான் சாப்பாடு, கிழங்கு இடைத்தீனி. குமுளி, கம்பம்மெட்டு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் நிலைமை வேறு. திருவிதாங்கூரில் மன்னர் விசாகம் திருநாள் (ஆட்சி 1880–1885) மரவள்ளிச் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் பசியைத் தாங்கியது அதுவே. ஆனால் கிழங்கிலுள்ள லினமரின் என்ற சேர்மம் சிதைந்தால் சயனைடு வெளிப்படும். கேரளத்தில் ஏழை இளைஞர்களிடம் கணையக் கற்களும் நீரிழிவும் சேர்ந்து வருவதை விரிவாகப் பதிவுசெய்தவர் மருத்துவர் கீவர்கீஸ். அவரும் ஆய்வாளர் மக்மில்லனும் 1979இல் சயனைடைக் காரணமாக முன்வைத்தார்கள்: கந்தக அமினோ அமிலங்கள் குறைந்த உணவில் நஞ்சை முறிக்கும் வழி அடைபடுகிறது என்பது வாதம். உலக சுகாதார நிறுவனம் 1985இல் ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவைத் தனி வகையாகவே சேர்த்தது.

மறுப்புகள் வலுவானவை. மரவள்ளியை அரிதாகவே உண்பவர்களுக்கும் நோய் வந்தது. சென்னை மருத்துவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். 1999இல் அந்தத் தனி வகை கைவிடப்பட்டது. 2002இல் ஸ்பிங்க்1 மரபணு மாற்றம் இந்திய நோயாளிகளிடம் பொதுமக்களைவிட மிக அதிகமாக இருப்பது தெரிந்தது. இவற்றால் ஆட்டங்கண்டது கிழங்கே கணைய நோயின் காரணம் என்ற கூற்றுதான். கந்தகக் கணக்கு அல்ல. அதற்குச் சான்று கணையத்தில் இல்லை, நரம்பில் இருக்கிறது. 1981இல் மொசாம்பிக்கில் வறட்சி வந்தபோது, சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியையே நம்பி, புரதமின்றி வாழ்ந்தவர்களுக்குக் கால்கள் முடங்கின. கொன்சோ என்னும் நோய் அது. இந்தக் கணக்கில் பார்த்தால், கேரளத்தில் கப்பை எனப்படும் மரவள்ளியோடு சேரும் மீன்கறி வெறும் ருசிக்கான துணையல்ல, மீனில் மெத்தியோனின் நிறைய உண்டு. பருப்பில் அது குறைவு. ஒரே அளவு புரதத்தை ஒப்பிட்டால், அரிசியிலும் கேழ்வரகிலும் பருப்பைவிட அதிகம். நறுக்கிய கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பது, கல்லீரலுக்கு வரும் சயனைடையே குறைத்துவிடுகிறது.