புனுகின் வரலாறு

திருவொற்றியூரிற் புற்றிடங்கொண்டு எழுந்தருளிய ஆதிபுரீசர் திருமேனி, ஆண்டு முழுதும் கவசத்தான் மூடப்பெற்று, கார்த்திகைப் பௌர்ணமியையொட்டிய மூன்று நாட்களில் மட்டும் கவசம் நீங்கக் காட்சி நல்கும். அக்காலத்துத் திருமேனியிற் சாத்தப்படுவது புனுகு சாம்பிராணித் தைலம். சந்தனமும் சாம்பிராணியும் மரந்தருவன. புனுகோ ஓர் உயிரின் உடலினின்று வருவது. ஆகலின் இதன் வரலாறு அவ்வுயிரின் வரலாறேயாம்.

புனுகுபூனை எனப் பெயர் பெறினும் அது பூனைக் குடும்பத்ததன்று. கூரிய முகமும், புள்ளியும் வரியும் பொருந்திய உடலும், வளையமிட்ட வாலுமுடையதாய் இரவில் இரைதேடும் வேறொரு குடும்பத்தது. மரநாயும் அதன் உறவே. வாலினடியிலுள்ள பையிற் சுரக்கும் நெய்போன்ற பொருளை அது மரத்தினும் கல்லினும் உராய்ந்து பூசிச் செல்லும். தன் இனத்தார்க்கு அது விடுக்கும் ஓலை அஃதென்னலாம். தனித்தவழி மூக்கைச் சுளிக்கச் செய்யும் அப்பொருள், சிற்றளவிற் பிற மணங்களோடு கூடியவழியே நறுமணமாதல் வியப்பு.

அரபியர் இதனைச் ‘சபாது’ என்றனர். மேனாட்டார் வழங்கும் பெயரும் அதன் வழிவந்ததே. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்பர் அவையின் அபுல் பசல் எழுதிய ‘அயினி அக்பரி’ இதனை அரண்மனை மணப்பொருள்களுள் ஒன்றாக வைத்துரைக்கின்றது. இலண்டனில் டானியல் டீபோ என்னும் ஆசிரியர் 1692இல் இவ்விலங்குகளை வாங்கி வளர்த்துப் பொருளீட்ட முயன்று கடனில் வீழ்ந்தார். எத்தியோப்பியாவிலோ, அந்நாட்டுப் பெரிய இனத்தின் ஆண்களை உடல் திரும்பவும் இடமில்லாக் கூண்டுகளில் அடைத்து, சில நாட்களுக்கொருமுறை பையைப் பிதுக்கிச் சுரண்டியெடுத்து, மாட்டுக்கொம்பில் அடைத்து விற்றனர். மணத்தை நுகர்ந்தோர் கூண்டினைக் கண்டிலர்.

1926இல் ருசிக்கா என்னும் வேதியியலார் இம்மணத்தின் மூலப்பொருள் பதினேழு கரியணுக்கள் வளையமாய் அமைந்ததென நிறுவினார். அத்துணைப் பெரிய வளையம் நிலைபெறாதென்பது அதுகாறும் அறிஞர் துணிபு. 1939இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. செயற்கைப் பொருள் பெருகவே, மேனாட்டு மணத்தொழிலில் இயற்கைப் புனுகு அருகிற்று.

தமிழகத்து நிலை வேறு. மயிலாடுதுறைக் கூறைநாட்டிற் புனுகீசர் திருக்கோயில் உண்டு. புனுகுபூனையொன்று தன் புனுகைத் தானே இலிங்கத் திருமேனியிற் சாத்தி வழிபட்டுப் பேறுபெற்றதென்பது அத்தல வரலாறு. ஆங்கு விலங்கே அடியார். பறித்துக் கொடுப்பார் எவருமிலர். இக்குறிப்பு ஊன்றி நோக்கற்பாலது.

இந்நாட்டிற் கூண்டில் மரக்கோல் நட்டு, விலங்கு தானே உராய்ந்து விட்டதை வழித்தெடுக்கும் முறையும் உளது. அது சுரண்டலினும் நன்றெனினும் சிறை சிறையே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அரசின் இசைவின்றி இதனைப் பிடித்தலைக் குற்றமாக்கிற்று. மலபார்ப் புனுகுபூனை என வேறோரினமும் 1862இல் பிளைத் என்பவரால் விவரிக்கப்பட்டது. வணிகர் பிறநாட்டினின்று கொணர்ந்ததன் வழியோ அஃது என ஐயுறுவாரும் உளர். 1987இல் நிலம்பூர்ப் பக்கத்து அதன் தோல்கள் கிடைத்தன. அதன்பின் உயிரோடு கண்டார் என உறுதிப்பட்ட செய்தி இல்லை.