பாண்டவானியும் தீஜன் பாயும்

பாண்டவானி என்பது சத்தீசுகர் மாநிலத்தில் வழங்கும் கதைப்பாட்டுக் கலை ஆகும். பாண்டவர் கதையைச் சொல்வதால் இப்பெயர் பெற்றது. சத்தீசுகரி மொழியில் நிகழ்த்தப்படும் இக்கலையை உலகறியச் செய்தவர், பார்தி பழங்குடியைச் சேர்ந்த தீஜன் பாய்.

நிகழ்த்தும் முறை

முதன்மைக் கலைஞர் ஒரு கையில் தம்பூராவையும் மறு கையில் கர்த்தால் என்னும் தாளக் கருவியையும் ஏந்திக் கதை சொல்வார். ஆர்மோனியம், தபேலா, டோலக் முதலியன பக்கவாத்தியங்கள். குழுவில் 'ராகி' என்று ஒருவர் இருப்பார். கதைக்கு 'உம்' கொட்டுவதும், இடையிடையே கேள்வி கேட்டுக் கதையை நகர்த்துவதும் அவர் வேலை. மேடையில் திரையோ, வேடமோ, பிற நடிகர்களோ கிடையாது. கையிலுள்ள தம்பூராவே வீமனின் கதாயுதமாகும். அடுத்த நொடியில் அருச்சுனனின் வில்லாகும். இக்கலையில் வீமனுக்கே முதலிடம்.

பாண்டவானியில் இரண்டு மரபுகள் உண்டு. வேதமதி முறையில் கலைஞர் அமர்ந்து பாடுவார். காபாலிக் முறையில் நின்றும் நடந்தும் நடித்தும் கதை சொல்வார். அக்காலத்தில் பெண்கள் பாடினால் அமர்ந்தே பாட வேண்டும். நின்று நடிப்பது ஆண்களுக்கு உரியது என்பது வழக்கம்.

தீஜன் பாயின் வாழ்க்கை

தீஜன் பாய் 1956ஆம் ஆண்டு பிலாய் நகருக்கு அருகிலுள்ள கனியாரி கிராமத்தில் பிறந்தார். பார்திகள் வேட்டைத் தொழில் செய்து வந்தவர்கள். அவர்களில் பல பிரிவினரை ஆங்கில அரசு 1871இல் கொண்டுவந்த குற்றப் பழங்குடிச் சட்டத்தின்கீழ் சேர்த்தது. விடுதலைக்குப் பின் 1952இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்த இவருக்குப் பள்ளிக்கல்வி வாய்க்கவில்லை. தாய்வழிப் பாட்டனார் பிரிஜ்லால், சபல் சிங் சௌகான் இயற்றிய மகாபாரதத்தைப் பாடக் கேட்டுக் கேட்டே கதையை மனப்பாடம் செய்தார்.

சிறுவயதிலேயே திருமணம் ஆயிற்று. பெண் ஒருத்தி பாண்டவானி பாடுவதா என்று சொந்தச் சமூகமே அவரை ஒதுக்கி வைத்தது. அவர் தனியே குடிசை போட்டுக்கொண்டு, அண்டை வீட்டாரிடம் பாத்திரம் இரவல் வாங்கி வாழ்ந்தார். பாடுவதை மட்டும் விடவில்லை. 13ஆம் வயதில் சந்திரகுரி கிராமத்தில் தம் முதல் நிகழ்ச்சியை 10 ரூபாய்க்கு நடத்தினார். அதுவும் காபாலிக் முறையில், எழுந்து நின்று!

பின்னர் நாடக இயக்குநர் அபீப் தன்வீர் அவரது திறமையைக் கண்டுகொண்டார். பிரதமர் இந்திரா காந்தி முன்னிலையில் பாடும் வாய்ப்பும் வந்தது. வெளிநாட்டு மேடைகளும் தொடர்ந்தன. சியாம் பெனகல் இயக்கிய 'பாரத் ஏக் கோச்' தொலைக்காட்சித் தொடரில் அவரது பாண்டவானி இடம்பெற்றது. 1995இல் சங்கீத நாடக அகாதமி விருதும், 2003இல் பத்மபூசணும், 2019இல் பத்மவிபூசணும் பெற்றார்.

கலையின் தொடர்ச்சி

ரிது வர்மா வேதமதி முறையில் பெயர் பெற்றவர். உஷா பார்லே 2023இல் பாண்டவானிக்காகப் பத்மசிறீ பெற்றார். ஒரு தலைமுறைக்கு முன் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட மேடையில் இன்று பெண்களே முன்னணியில் நிற்கின்றனர்.

மாணவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். பாண்டவானி ஏட்டில் அடங்கும் கலை அன்று. பாரதக் கதை நூலில் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது, எங்கே சிரிக்க வைப்பது, ராகியின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் கலைஞரின் நினைவில்தான் இருக்கின்றன. ஒருவர் சொல்ல, இன்னொருவர் அருகிருந்து கேட்டால்தான் அவை அடுத்த தலைமுறைக்குச் சேரும். பிரிஜ்லால் பாடியபோது கேட்க ஒரு சிறுமி இருந்தாள். இக்கலை நிலைக்க அப்படிக் கேட்பவர்கள் எப்போதும் வேண்டும்.