பிரேமன் வணிகரின் காப்பி

ஜெர்மனியின் பிரேமன் துறைமுக நகரில் காப்பி வணிகம் செய்துவந்தவர் லுட்விக் ரோசேலியுஸ். காப்பியைச் சுவைத்துத் தரம் காண்பதையே தொழிலாகக் கொண்டிருந்த அவருடைய தந்தை காலமானபோது, அளவுக்கு மீறிக் காப்பி அருந்தியதே காரணம் என மகன் நம்பினார். அந்த நம்பிக்கை மருத்துவத்திற்கு ஒத்ததா என்பது வேறு கேள்வி. அவர் காப்பி வணிகத்தைக் கைவிடவில்லை. காப்பியிலுள்ள குற்றத்தை மட்டும் களைய முற்பட்டார்.

அக்குற்றத்தின் பெயர் முன்னரே அறியப்பட்டிருந்தது. பெல்லடோனாச் செடியின் சாறு பூனையின் கண்மணியை விரியச் செய்வதை, 1819-இல் ருங்கே என்னும் இளம் வேதியியலர் கவிஞர் கேத்தேவுக்குச் செய்து காட்டினார். வியந்துபோன கவிஞர், காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து, இவற்றையும் ஆராயும்படி சொன்னார். அதன் பயனாகவே காஃபீன் பிரித்தெடுக்கப்பட்டது. (வேதியியல் கவிஞருக்கும் கடன்பட்டிருக்கிறது!) ஆனால் ருங்கே தேடியது காஃபீனை, ரோசேலியுஸ் தேடியதோ அது போனபின் எஞ்சும் காப்பியை. இரண்டாவதே கடினம்.

கடல்நீரில் நனைந்து பழுதான காப்பிச் சரக்கு ஒன்றே அவருக்கு வழிகாட்டியது என்பர். வறுத்த கொட்டையில் கைவைத்தால் மணமும் உடன் போய்விடும். எனவே பச்சைக் கொட்டைகளையே உப்புநீருடன் ஆவியில் ஊறவைத்து உப்பச் செய்தார். பின்னர் பென்சீன் என்னும் திரவத்தால் காஃபீனைக் கரைத்து வெளியேற்றினார். 1906-இல் 'காஃபே ஹாக்' நிறுவனம் பிறந்தது. 'காஃபீன் இல்லாதது' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களைச் சுருக்கிச் 'சாங்கா' என்ற பெயரிலும் அக்காப்பி விற்கப்பட்டது.

பென்சீன் இரத்தப் புற்றுநோயை விளைவிக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. தந்தையைக் கொன்றதாகத் தாம் கருதிய பொருளை நீக்க, அதனினும் கொடிய நஞ்சை அறியாமலே கையாண்டிருந்தார் மகன். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பென்சீன் கைவிடப்பட்டது. அதனிடத்தில் வந்தவற்றுள் ஒன்று மெத்திலீன் குளோரைடு. சுமார் 40 பாகை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால், வறுக்கும்போது அது ஏறத்தாழ முழுவதும் அகன்றுவிடும். பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் எஞ்சலாகாது என்பது அமெரிக்க விதி. ஆயினும் அதைப் பற்றிய ஐயம் தீர்ந்தபாடில்லை.

1960-களில் ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில், நிலக்கரி ஆய்வு நிறுவனமொன்றில் பணியாற்றிய குர்ட் சோசல் வேறு வழி கண்டார். நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைக் காற்றழுத்தத்தைப்போல் 73 மடங்குக்கு மேல் அழுத்தி, 31 பாகைக்கு மேல் வெப்பத்தில் வைத்தால், அது வாயுவைப்போல் கொட்டைக்குள் ஊடுருவும். திரவத்தைப்போல் காஃபீனைக் கரைக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினால் கொட்டையில் தங்காமல் வாயுவாகவே பறந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டுப் பிரித்தெடுத்த காஃபீன் வீணாவதில்லை. குளிர்பானம் தயாரிப்போரும் மருந்து செய்வோரும் அதை விலைகொடுத்து வாங்கிக்கொள்கின்றனர்.