சாவி மட்டும் அவளிடம்

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தேயிலைப் பெட்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மரத்தைத்தான் எழுதுகிறார்கள்: மஹோகனி, கருங்காலி, இலங்கையிலிருந்து போன முதிரை, பேரிக்காய் வடிவில் கடைந்த பழமரம், சாவித் துளையைச் சுற்றி யானைத்தந்தம். எனக்கு முதலில் கண்ணில் படுவது பூட்டு.

கைக்கு அடக்கமான பெட்டிக்கு எதற்குப் பூட்டு? உள்ளே இருந்தது அவ்வளவு விலையுள்ள சரக்கு. சீனத் தேயிலைமீது இருந்த 119 சதவீத வரியை 1784-இல்தான் 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதன் பிறகும் பூட்டு போகவில்லை. பெட்டி சமையலறையில் இருக்காது, வரவேற்பறையில் இருக்கும். வெந்நீரைப் பணிப்பெண் கொண்டுவருவாள். இலையை அளந்து போடுவது எஜமானி. ஒரே கூரையின் கீழ் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணைக் காக்கத்தான் அந்தப் பூட்டு. எஜமானர்கள் குடித்து முடித்த சக்கை பணியாட்களுக்கு. அதை உலர்த்தி விற்றுக் காசு பார்த்தவர்களும் உண்டு.

சாவி வைத்திருந்தவளுக்காவது பெட்டி சொந்தமா என்றால், அதுவும் இல்லை. மணமான பெண்ணின் உடைமை கணவனுடையது என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். அவள் ஈட்டியது அவளுக்கே என்று ஆனது 1870-இல். சொத்தும் அவளுக்கே என்று ஆனது 1882-இல்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது தாள் வேலைப் பெட்டிகள். தச்சர்கள் பக்கங்களில் பள்ளம் விட்டு வெறும் பெட்டியாகச் செய்து விற்பார்கள். பெண்கள் மெல்லிய தாள் நாடாக்களைச் சுருட்டி, ஓரம் வெளியே தெரியும்படி நெருக்கமாக ஒட்டிப் பள்ளத்தை நிரப்புவார்கள். இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் குவில்லிங் என்று செய்வது அதுவே. பெண்கள் பத்திரிகைகளில் இதற்கு மாதிரிகள் வந்தன. ஒரு பெட்டிக்கு நூற்றுக்கணக்கான சுருள்கள் வேண்டும். அதற்குக் கூலி கிடையாது, பெயரும் கிடையாது. பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டார்கள். 1791-இல் மூன்றாம் ஜார்ஜின் மகள் எலிசபெத்துக்கு 15 அவுன்ஸ் வண்ணத் தாளும் பெட்டியும் விற்ற சார்லஸ் எலியட்டின் கணக்கு தங்கியிருக்கிறது. இளவரசி என்பதால் அவள் பெயர் நமக்குத் தெரிகிறது. மற்றவர்கள் செய்தவை ஏலப் பட்டியலில் பெயரில்லாமல் கிடக்கின்றன.

19-ஆம் நூற்றாண்டில் அசாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலை மலிவாக வந்து குவிந்ததும் பூட்டுக்கு வேலையில்லாமல் போனது. தகர டப்பா போதும் என்றானது. அந்த மலிவுக்கு ஒரு கணக்கு உண்டு. 1867-இல் லூல்கந்துரவில் தொடங்கிய இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் கூட்டிப்போன நம் தமிழ்ப் பெண்கள். 1927-இல் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்தபோதும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்றே எழுதினார்கள். பல தோட்டங்களில் அந்தக் குறைந்த கூலியையும் அவள் கையில் கொடுக்கவில்லை. கணவன் கையில் எண்ணிக் கொடுத்தார்கள்.