அரிக்கமேட்டுக்கு வந்த அன்றாட மது

பொம்பெய் நகரத்து மதுக்கடை ஒன்றின் சுவரில் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. 1 ஆஸ் கொடுத்தால் இங்கே குடிக்கலாம்; 2 ஆஸ் கொடுத்தால் அதைவிட நல்லதைக் குடிக்கலாம்; 4 கொடுத்தால் ஃபலேர்னிய மதுவையே குடிக்கலாம் என்பது அதன் சாரம். ஆஸ் என்பது உரோமரின் சிறு செப்புக்காசு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பல் அந்நகரை மூடியதால், சாதாரண மனிதரின் சட்டைப்பைக் கணக்கு ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கக் கிடைக்கிறது. கையில் இருக்கும் காசுக்குள் குடிக்கத் தகுந்த மது எது என்ற கேள்வி மிகப் பழையது.

உரோமப் பேரரசில் திராட்சை மது விழாக்காலப் பொருள் அன்று. அன்றாட உணவின் பகுதி. ஆகவே அதன் விலை அரசுக்கும் கவலை தந்தது. கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட உச்சவிலை ஆணையில் மதுவுக்குத் தனி வரிசையே உண்டு. ஏறத்தாழ அரை லிட்டர் கொண்ட ஒரு செக்ஸ்டாரியஸ் அளவு நாட்டு மதுவுக்கு 8 தெனாரியஸ். பழகிய மதுவில் இரண்டாம் தரத்துக்கு 16, முதல் தரத்துக்கு 24. ஃபலேர்னியம் போன்ற பெயர்பெற்ற மதுவுக்கு 30. அதே ஆணை உழவுக் கூலியாளுக்கு உணவு நீங்கலாக ஒரு நாளைக்கு 25 தெனாரியஸ் என்று வரம்பு கட்டியது. நாள் முழுதும் மண்வெட்டி பிடித்தவன் ஈட்டிய கூலி அரை லிட்டர் ஃபலேர்னியத்துக்குப் போதாது. நாட்டு மதுவை வாங்கவும் கூலியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேண்டும். மதுவின் ‘தரம்’ என்று இலக்கியங்கள் பேசுவதன் அடியில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காசு கொடுத்து வாங்க இயலாதவர்களும் குடித்தார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த கேட்டோ, தம் வேளாண் நூலில் அடிமைகள் குளிர்காலத்தில் குடிப்பதற்கான மதுவுக்குச் செய்முறை தருகிறார். 10 குவாட்ரன்டல் திராட்சைச் சாறு, 2 காடி, 2 சுண்டக் காய்ச்சிய சாறு, 50 நல்ல தண்ணீர். இவற்றை நாளுக்கு மூன்று முறை வீதம் ஐந்து நாட்கள் கலக்க வேண்டும். பிறகு பழைய கடல்நீரைச் சேர்த்து மூடி வைக்க வேண்டும். கோடைக் கதிர்த்திருப்பம் வரை அது தாங்கும். அதற்குப் பின் மிஞ்சினால் நல்ல காடியாகும் என்கிறார். ஒரு குவாட்ரன்டல் ஏறத்தாழ 26 லிட்டர். கணக்கிட்டால், அந்தக் கலவையில் புதுச் சாற்றின் அளவு ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அறுவடை முடிந்தவுடன் பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றி எடுத்த இரண்டாம் சாற்றையும் அடிமைகளுக்கே ஒதுக்கினார். சிக்கனம் என்ற சொல்லுக்கு எசமானனின் ஏட்டில் ஒரு பொருளும் அடிமையின் குவளையில் வேறொரு பொருளும் இருந்தன.

கடல்நீர் என்றதும் இன்றைய வாசகர் முகம் சுளிக்கலாம். பண்டைய மத்தியதரைக்கடல் நாடுகளில் அது இயல்பான சேர்மானம். உப்பு மதுவைக் கெடாமல் காக்கும், பூசண வாடையை மறைக்கும் என்று நம்பினார்கள். இந்த முறைக்குப் பெயர்பெற்ற இடம் ஈஜியன் கடலில் உள்ள கோஸ் தீவு. வழக்கம் அங்கே தோன்றிய விதத்தைப் பிளினி ஒரு கதையாகச் சொல்கிறார்: அடிமை ஒருவன் திருடிவிட்டுத் தன் கணக்கில் விழுந்த குறையைக் கடல்நீரால் நிரப்பினானாம்; அதுவே பிற்பாடு முறையாகிவிட்டதாம். கதை மெய்யோ பொய்யோ, பயனுள்ளதொரு கண்டுபிடிப்பை ஓர் அடிமையின் பெயரில் எழுதும்போதும் அதைத் திருட்டாகவே எழுத அக்காலத்துக்குத் தோன்றியது என்பது கவனிக்கத்தக்கது.

கோஸ் மதுவை மட்டமானது என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. நிலவியலாளர் ஸ்ட்ராபோ அதைக் கியோஸ், லெஸ்போஸ் தீவுகளின் மதுவோடு சேர்த்துப் புகழ்கிறார். கவிஞர் ஹோரேஸோ மலச்சிக்கலுக்கு உதவும் பண்டங்களின் வரிசையில் சிப்பி, கீரை ஆகியவற்றோடு கோஸ் வெள்ளை மதுவையும் வைக்கிறார். இரண்டு சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தால், பெருமிதத்துக்காக வாங்கப்படாத, ஆனால் பலருக்கும் பழகிப்போன ஒரு மதுவின் சித்திரம் எழுகிறது. அதன் புழக்கத்துக்கு வலுவான சான்று போலிகள்தாம். ‘கோஸ் மது’ செய்யும் முறையைக் கேட்டோ இத்தாலியப் பண்ணையாருக்குக் கற்பிக்கிறார். கோஸ் சாடியின் அடையாளம் இரண்டு உருளைகளை ஒட்டவைத்தாற்போன்ற இரட்டைக் கைப்பிடி. அந்தக் கைப்பிடியைப் பார்த்து இத்தாலியிலும் பிற இடங்களிலும் குயவர்கள் அதே வடிவச் சாடிகளை வனைந்தார்கள். யாரும் விரும்பாத பொருளுக்குப் போலி தோன்றுவதில்லை.

இந்தச் சாடிகள் இந்தியா வரை வந்தன. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘செங்கடல் பெரிப்ளூஸ்’ என்னும் வணிகர் கையேடு, பரிகாசாத் துறையில் விலைபோகும் மதுக்களைச் சொல்கிறது: முதலிடம் இத்தாலிய மதுவுக்கு, அடுத்து லவோதிக்கேய, அரேபிய மதுக்கள். பரிகாசா இன்றைய குசராத்தின் பரூச். முசிறிக்கும் மது போனது, ஆனால் மிகுதியாக அன்று என்கிறது அக்கையேடு. கீழைக் கடற்கரைத் துறைகளுள் ஒன்றாக அது குறிப்பிடும் பொதுக்கே என்பது புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடாகலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். கிடைத்த இத்தாலியச் செம்மெருகுக் கலங்களைக் கொண்டு மண்ணடுக்குகளுக்குக் காலம் கணித்தார். அவ்விடத்தை ‘இந்திய உரோம வணிக நிலையம்’ என்று அழைத்தார். 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு ஆய்வாளர் கசால் அங்கே தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் தலைமையில் மீண்டும் பணி நடந்தது. பெக்லியின் ஆய்வு பழைய சித்திரத்தைத் திருத்தியது: உரோமர் வந்து உருவாக்கிய நிலையம் அன்று அது, அவர்கள் வருமுன்பே உள்ளூர் மக்கள் வாழ்ந்து வணிகம் செய்த ஊர். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அங்கே கிடைத்துள்ளன.

வீலருக்குச் செம்மெருகுக் கலங்கள் முதன்மையாகத் தெரிந்தன. அருகிலேயே கிடந்த, அழகற்ற, தடித்த ஆம்போரா ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வகைப்படுத்தியவர் அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் லைடிங் வில். அவற்றுள் பெரும்பாலானவை மதுச் சாடிகளின் துண்டுகள் என்று அவர் கண்டார். அம்மதுச் சாடிகளிலும் பெரும்பங்கு இரட்டைக் கைப்பிடி கொண்ட கோஸ் வகையும் அதன் போலிகளும். கூடவே எண்ணெய்ச் சாடிகளும் மீன்சாற்றுச் சாடிகளும் சிறு அளவில் இருந்தன. சாடியின் வடிவம் அதனுள் இருந்த மதுவுக்கு முழுச் சான்றாகாது. காலியான சாடியை வேறு பொருளுக்குப் பயன்படுத்துவதும் அக்கால வழக்கம். அதையும் மனத்தில் கொண்டு பார்த்தாலும் ஒரு செய்தி தெளிவாகிறது. எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து பருவக்காற்றில் ஏறி, குமரிமுனையைச் சுற்றி அரிக்கமேட்டுக்கு வந்த மதுவில் பெரும்பகுதி பேரரசர் மேசையின் ஃபலேர்னியம் அன்று. மத்தியதரைக்கடல் துறைமுகங்களில் எளிய மக்கள் அருந்திய உப்பேறிய அன்றாட மது.

இந்தச் செய்தியைச் சங்க இலக்கியத்துக்கு அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடுகையில், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க அவன் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறார். யவனர் அதை எதில் தந்தார்கள் என்பதற்குப் பாடல் ஆளும் சொல் ‘கலம்’. குப்பி என்று பொருள்கொள்வோரும் உண்டு. மரக்கலம் என்று கொள்வோரும் உண்டு. தமிழில் பானையும் கப்பலும் ஒரே சொல்லில் அடங்குவதால் இரண்டும் பொருந்துகின்றன. ‘தேறல்’ என்ற சொல் தேறுதல், அதாவது தெளிதல் என்னும் வினையிலிருந்து வந்தது. மண்டி அடியில் தங்க மேலே தெளிந்து நிற்பது. அது அயல்மதுவுக்கு மட்டும் உரிய சொல் அன்று. மலைமக்கள் மூங்கில் குழாயில் ஊறவைத்ததும் தேறல்தான். தேறலோடு கள், நறவு, தோப்பி எனப் பல பெயர்கள் அவ்விலக்கியத்தில் வழங்குகின்றன. தோப்பி நெல்லிலிருந்து வீட்டிலேயே காய்ச்சப்பட்டது. மதுரைக்கும் புகாருக்கும் இடையே வாழ்ந்த உழவனுக்கு அன்றாட மது அதுவே.

ஆக, கடல் கடந்தபோது பொருளின் தகுதி மாறியது. பொம்பெய்ச் சுவரில் 1 ஆஸுக்கோ 2 ஆஸுக்கோ கிடைத்திருக்கக்கூடியதைப் போன்ற மது, தென்னிந்தியக் கரையில் இறங்கியபோது அரசவைக்குரியதாயிற்று. தொலைவு அதற்கு விலை கொடுத்தது. அருமை அதற்குப் பெருமை கொடுத்தது. நன்மாறனின் பொற்கலத்தில் இருந்தது கோஸ் மதுவா, இத்தாலிய மதுவா என்பதைப் பாடல் சொல்லவில்லை. எனினும், பொற்கலத்தைக் கண்டவுடன் உள்ளிருந்த மதுவும் உயர்தரமானதே என்று முடிவு கட்டும் வழக்கத்தை அரிக்கமேட்டின் ஓடுகள் நிறுத்திவைக்கின்றன.

இது வெறும் மதுவைப் பற்றிய செய்தி அன்று. உரோம வணிகம் குறித்து எழுதப்படுவனவற்றில் பொற்காசு, முத்து, மிளகு, பட்டு ஆகியவையே மேலோங்கி நிற்கின்றன. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்பியதை மேற்கோள் காட்டாத நூல் அரிது. அந்தப் புலம்பலில் செல்வர் மட்டுமே இருக்கிறார்கள். உப்புச் சாடிக்குப் பின்னால் வேறு மனிதர்கள் நிற்கிறார்கள்: கொடியில் குலை அறுத்த அடிமை, சாடி வனைந்த குயவர், பாலைவழியில் ஒட்டகத்தின் மீது அதைக் கட்டிய கூலியாள், கப்பலில் அடுக்கிய மாலுமி, அரிக்கமேட்டுக் கரையில் தோள்கொடுத்து இறக்கியவர். எண்ணெயும் மீன்சாறும் உள்ளூர்ச் சமையலில் சேராதவை என்பதால், அவற்றை அங்கே தங்கியிருந்த அயல்நாட்டவரே பயன்படுத்தியிருக்கலாம் என வில் கருதினார். அப்படியானால் வந்த மதுவில் ஒரு பங்கையாவது பருவக்காற்று திரும்பும்வரை காத்திருந்த வணிகரும் மாலுமிகளும் தங்கள் ஊர் நினைவோடு குடித்திருக்கக்கூடும்.

உயர்ந்த மதுவைப் பற்றிக் கவிஞர்கள் எழுதினார்கள். பேரரசர்கள் அதைச் சேமித்தார்கள். மலிவு மதுவைப் பற்றி எழுதியவர்கள் கடைக்காரரும் கணக்கரும் பண்ணையாரும்தாம். அதைக் குடித்தவர்கள் பெரும்பாலும் எதையும் எழுதவில்லை. உடைந்தவுடன் வீசியெறியப்பட்ட சாடி ஓடுகளே அவர்களின் ஆவணம். அரிக்கமேட்டில் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்த இரட்டைக் கைப்பிடிகள், வரலாற்றில் விலை குறைந்த பொருளே அதிகத் தொலைவு பயணம் செய்து அதிகமானோரைத் தொட்டிருக்கலாம் என்பதை நினைவூட்டுகின்றன.